ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால்: பிள்ளை உளவியல் படிப்பது பற்றி ஓர் இழை

தெஹிவளை மாணவி | பெப்ரவரி 3, இரவு 9.40

முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவில் சேர்ந்திருக்கிறேன். கருத்தரிப்பிலிருந்து பன்னிரண்டு வயது வரை பிள்ளையின் உளவிருத்திதான் முதற்பாடம். அறிவு வளர்ச்சிக்குப் பியாஜே சொன்ன நான்கு நிலை, ஆளுமை வளர்ச்சிக்கு எரிக்சன் சொன்ன எட்டு நிலை, தாய் சேய் பற்றுறவுக்கு மூன்று வகை என்று பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்கிறோம். எல்லாமே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்து எழுதியவை. அம்மம்மா மடியிலிருந்து சித்தி மடிக்கு மாறி மாறி வளரும் நம் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது? பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடலாம் என்றே தோன்றுகிறது. வெள்ளவத்தை ரீச்சர் இதே டிப்ளோமா முடித்தவர் என்று கேள்விப்பட்டேன். சொல்லுங்கள்.

வெள்ளவத்தை ரீச்சர் | பெப்ரவரி 3, இரவு 11.15

தங்கச்சி, பாதி சரி. பியாஜே முதலில் உற்றுப் பார்த்தது தன் சொந்தப் பிள்ளைகள் மூவரை. 2010இல் ஹென்ரிக், ஹைன், நொரென்சயன் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. முன்னணி உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளின் பங்கேற்பாளரில் 96 வீதம் மேலைத் தொழில்மய நாட்டவர், அந்த நாடுகளில் இருப்பதோ உலக மக்களில் 12 வீதம் என்று அதில் எடுத்துக் காட்டினார்கள். ஆகவே உங்கள் சந்தேகத்துக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது.

ஆனால் மறந்துவிடலாம் என்பது சோம்பல். நிலைகளை விடுங்கள். ஒவ்வோர் ஆய்விலும் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையிடம் எதையோ கேட்டிருக்கிறார். என்ன கேட்டார், எப்படிக் கேட்டார், எத்தனை தரம் கேட்டார் என்பதைப் படியுங்கள். பேச்சு வராத, வந்தாலும் நம் முகம் பார்த்துப் பேசுகிற ஓர் உயிரிடம் உண்மையைக் கேட்டுப் பெறுவது எப்படி என்பதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

வெள்ளவத்தை ரீச்சர் | பெப்ரவரி 4, காலை 6.20

யாரோ ஒருவர் இரவிரவாக அபிமன்யுவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். சுபத்திரையின் வயிற்றிலிருந்தே சக்கரவியூகம் கற்றானாம், ஆகவே ஆறாம் மாதத்திலேயே வயிற்றுக்கு ஒலிபெருக்கி வைத்துக் கணிதம் சொல்லலாமாம். கதையை முழுதாகப் படிக்க வேண்டும் ஐயா. அம்மாவுக்கு நித்திரை வந்ததால் பாடம் பாதியில் நின்றது, பிள்ளை அதனால் செத்தான். கர்ப்பிணிக்கு வகுப்பு வைப்பதற்கு இதைவிட மோசமான விளம்பரம் கிடைக்காது.

தெரிந்தது இவ்வளவு. ஏழாம் மாதம் நெருங்கும்போது கரு ஒலிக்கு அசைகிறது. தாயின் உடலைக் கடந்து போவது பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும். மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் மழுங்கிவிடும். 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பத்துக் குழந்தைகளுக்குச் சூப்பியைக் கொடுத்து, உறிஞ்சலுக்கு இடையில் விடும் இடைவெளியை மாற்றினால் தாயின் குரல் கேட்கும்படி அமைத்தார்கள். குழந்தைகள் இடைவெளியை மாற்றின, தாயின் குரலைத் தேடி. ஆறு வருடம் கழித்து டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரமளவில் தாய்மார் தினமும் உரக்க வாசித்த ஒரு கதையைப் பிறந்தபின் ஒலிபரப்பினார்கள். வேறொரு பெண் வாசித்தாலும் குழந்தைகள் அந்தக் கதையையே நாடின.

இதில் கணிதம் இல்லை. ஆனால் கேட்ட முறையைக் கவனியுங்கள். வாய் திறந்து பதில் சொல்ல முடியாதவரிடம், அவரால் நன்றாகச் செய்ய முடிந்த ஒரே வேலையை வைத்துப் பதில் வாங்கியிருக்கிறார்கள்.

பெப்ரவரி 4, காலை 6.45

மேலே விட்டுப்போனது. வயிற்றில் இருக்கும்போது உண்மையில் அவசரமானது பாட்டுமல்ல, பாடமுமல்ல. மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்து ஏறக்குறைய 28 நாளில் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்பதே தெரியாது. மருத்துவிச்சி வீடு தேடி வந்து புதிதாகத் திருமணமான பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த மாத்திரையை மறந்துவிட்டு வயிற்றுக்கு மொசார்ட் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெப்ரவரி 5, மாலை

“பிள்ளைத்தமிழே நமது பியாஜே” என்று கொட்டாஞ்சேனை அண்ணா எழுதியிருக்கிறார். ஆசை புரிகிறது. பிள்ளையைப் பருவம் பருவமாகப் பாடும் அந்த நூல்களில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழு பருவமும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. மாதக்கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறினாலும் செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், வருகை ஒரு வயதை ஒட்டி. முறையே கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது, கைகொட்டுவது, தளர்நடை. கிளினிக்கில் தரும் வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் வரிசை பிசகவில்லை. இதை வகுத்தவர் பிள்ளைகளைப் பார்த்தவர், சந்தேகமில்லை.

ஆனால் அண்ணா, புலவர் பாடுவது கடவுளையும் அரசனையும். பாட்டுடைத் தலைவன் ஒன்பதாம் மாதம் கைகொட்டாமல் இருந்தால் பாட்டு என்ன ஆகும்? பிந்துகிற பிள்ளைக்கு அதில் இடமில்லை. எனக்கோ வகுப்பில் பிந்துகிற பிள்ளைதான் முக்கியம்.

பெப்ரவரி 7, இரவு

இப்போது குவளைக் கதை. நீளும்.

பியாஜேயின் மிகப் புகழ்பெற்ற சோதனை: ஒரே அளவான இரண்டு குவளையில் சம அளவு நீர். பிள்ளையிடம் “இரண்டும் ஒரே அளவா?” என்று கேட்பார்கள். ஆம் என்னும். ஒன்றை ஒடுங்கிய உயரமான குவளைக்குள் மாற்றி ஊற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை உயரமானதில் கூட என்று சொல்லும். ஏழு வயதளவில்தான் இரண்டும் ஒன்று என்று உறுதியாகச் சொல்லும். ஆகவே சிறு பிள்ளைக்கு அளவின் மாறாத்தன்மை பிடிபடுவதில்லை என்பது முடிவு.

டிப்ளோமா செய்முறைக்காக நானும் செய்தேன், முன்பள்ளி மேசையில், தோடம்பழச் சாற்றோடு. ஐந்து வயதுப் பையன் ஒருவன், நல்ல வாயாடி. முதற்கேள்விக்கு “ஒரே அளவு ரீச்சர்” என்றான். ஊற்றினேன். திரும்பவும் கேட்டேன். அவன் குவளையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். பிறகு குவளையை ஒரு கணம், திரும்பவும் என் முகத்தை. “இதிலே கூட” என்று மெல்லச் சொல்லிவிட்டு, சரியா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான்.

பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் முதல் பதில் பிழை என்றுதான் பொருள். நம் வீடுகளில் வேறு எப்போது இரண்டாம் முறை கேட்கிறோம்? “கை கழுவினாயா?” “கழுவினேன்.” “கழுவினாயா?” பிள்ளை எழுந்து போய்க் கழுவும்.

இது என் கண்டுபிடிப்பல்ல. 1974இல் ரோஸும் பிளாங்கும் முதற்கேள்வியை விட்டுவிட்டு, மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை கேட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகள் கூடுதலாகச் சரியான பதில் சொன்னார்கள். அதே ஆண்டு மக்காரிகிளும் மார்கரெட் டொனல்ட்சனும் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். சம எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக வைத்த வில்லைகளில் ஒரு வரிசையைப் பெரியவர் கலைக்காமல் கரடி ‘தவறுதலாக’ வந்து கலைத்துவிடும். பெரியவர் வேண்டுமென்று மாற்றியபோது தடுமாறிய நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளில் பலர் கரடி கலைத்தபோது எண்ணிக்கை மாறவில்லை என்றார்கள். பெரியவர் காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டார் என்று பிள்ளை நம்புகிறது. கரடியிடம் அந்த மரியாதை தேவையில்லை.

பெப்ரவரி 8, காலை

நேற்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் “பியாஜே பொய்” என்று யாராவது முகநூலில் போட்டுவிடுவார்கள். மூரும் ஃப்ரையும் 1986இல் கரடியை வேறு மாதிரி விட்டார்கள். இம்முறை கரடி உண்மையாகவே எண்ணிக்கையை மாற்றியது. அப்போதும் பிள்ளைகள் மாறவில்லை என்றார்கள். அதாவது கரடியின் சேட்டையில் மனம் போய், மேசையைக் கவனிக்காமலே பதில் சொல்லியிருக்கலாம். கேள்வியை இலகுவாக்கப் போய், கேள்வியே இல்லாமல் ஆக்கிவிடுவதும் நடக்கும்.

என் வகுப்பிலும் ஒரே முறை கேட்டபோது சிலர்தான் திருந்தினார்கள். மற்றவர்கள் உறுதியாக, என் முகத்தைப் பார்க்காமலே, உயரமானதில் கூட என்றார்கள். பியாஜே பார்த்தது ஒன்றும் இல்லாததல்ல. வயதெல்லையை அவர் போட்ட இடம்தான் கேள்விக்கு ஏற்ப நகர்கிறது.

பெப்ரவரி 8, மதியம்

மற்றவர் தவறாக நினைப்பதைப் பிள்ளை புரிந்துகொள்கிறதா என்று பார்க்கும், ஒளித்து வைத்த பொம்மைக் கதைக்கும் இதே நோய். ஒருத்தி பொருளை வைத்துவிட்டு வெளியே போகிறாள், இன்னொருத்தி இடம் மாற்றுகிறாள், திரும்பி வந்தவள் எங்கே தேடுவாள்? மூன்று வயதுப் பிள்ளை பொருள் உண்மையில் இருக்கும் இடத்தைக் காட்டும், நாலைத் தாண்டியதும் அவள் முதலில் வைத்த இடத்தைக் காட்டும். விம்மரும் பேர்னரும் 1983இல் தொடங்கிவைத்தது. சீகலும் பீட்டியும் 1991இல் கேள்வியில் ‘முதலில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்கள், “முதலில் எங்கே தேடுவாள்?” மூன்று வயதுக்காரரிலும் பலர் சரியாகச் சொன்னார்கள். பரீட்சையில் இதை எழுதுங்கள், புள்ளி கிடைக்கும்.

பெப்ரவரி 11, இரவு

பற்றுறவு. மாணவி முதலில் கோபப்பட்ட அந்த மூன்று வகையும் உளவியலாளர் எய்ன்ஸ்வர்த்தின் ‘அந்நியச் சூழல்’ சோதனையிலிருந்து வந்தவை. ஒரு வயதுக் குழந்தையையும் தாயையும் தெரியாத அறையில் இருத்தி, அந்நியப் பெண் ஒருத்தியை அனுப்பி, தாயை வெளியே போகச் சொல்லி, திரும்பி வரச்சொல்லிப் பார்ப்பது. தாய் வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதே விடை. ஆறினால் பாதுகாப்பான பற்று, முகம் திருப்பினால் தவிர்க்கும் பற்று, ஒட்டிக்கொண்டே அடித்தும் அழுதும் ஆறாவிட்டால் இருமனப் பற்று.

பலருக்குத் தெரியாதது, எய்ன்ஸ்வர்த் இதைத் தொடங்கியது அமெரிக்க ஆய்வுகூடத்தில் அல்ல. 1950களின் நடுவில் உகண்டாவில், கம்பாலாவுக்கு அருகே கிராம வீடுகளில் அமர்ந்து, தாயும் சேயும் நாளாந்தம் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அந்தச் சோதனை அறை பின்னால் வந்தது. ஆகவே ‘வெள்ளைக்காரப் பிள்ளைகளின் உளவியல்’ என்பது இவரைப் பொறுத்தவரை சரியில்லை.

சோதனை எல்லா இடத்திலும் ஒரே கேள்வியா என்பது வேறு விடயம். ஜப்பானின் சப்போரோவில் தக்கஹாஷி செய்தபோது தவிர்க்கும் பற்றே காணப்படவில்லை, ஆறாமல் அழுத குழந்தைகள் அதிகம். அங்கே தாய் குழந்தையை யாரிடமும் விட்டுப் போவது அரிது. தாய் வெளியே போகும் அந்த மூன்று நிமிடம் அமெரிக்கக் குழந்தைக்குச் சிறு சங்கடம், சப்போரோக் குழந்தைக்குப் பேரிடி. கொழும்பில் நேர்மாறாகவும் இருக்கலாம். தாய் வெளியே போனால் குழந்தை அம்மம்மாவைத் தேடும், அந்த அறையில் அம்மம்மாவுக்கு நாற்காலி போடவில்லை.

பெப்ரவரி 12

மாணவி உடனே “பார்த்தீர்களா, கலாசாரம்!” என்று குதிக்கிறார். பொறுங்கள். 1988இல் வான் ஐசென்டோர்னும் குரூனென்பெர்கும் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளை, இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான குழந்தைகளை, ஒன்றாகப் பார்த்தார்கள். நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள வேறுபாடு பெரிது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருவரும் வேலைக்குப் போகிற வீடும், தாய் வளைகுடாவில் பணிப்பெண்ணாக இருக்க அம்மம்மா வளர்க்கிற மட்டக்குளி வீடும் ஒரே ‘தமிழ்க் கலாசாரம்’ என்று கையெழுத்துப் போட நான் தயாரில்லை.

பெப்ரவரி 15, காலை

இடையில் தொலைபேசிக் காணொளி காட்டிப் பிள்ளைக்கு மொழி பழக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக. பெட்ரீஷியா கூல் 2003இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர் நேரில் விளையாடியபோது அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டதைக் காட்டினார். அதே ஆட்கள் திரையில் பேசியபோது ஒன்றும் பதியவில்லை. திரை குழந்தைக்குப் பதில் சொல்வதில்லை.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கேட்டால் பிள்ளை குழம்பிவிடுமா என்ற கேள்விக்கு: குழம்பாது. ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் தனித்தனியே குறைவாகத் தெரியலாம், சேர்த்து எண்ணுங்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்கிற ரீச்சரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

பெப்ரவரி 18, இரவு

டொபி வைத்துப் பொறுமை பார்க்கும் காணொளி எல்லா வட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு மில்க் டொபி வைத்து, சாப்பிடாமல் இருந்தால் எதிர்காலத்தில் டொக்டர் என்று படம் பிடிக்கிறார்கள்.

இப்போதே ஒன்றா, காத்திருந்தால் இரண்டா என்று உளவியலாளர் வோல்டர் மிஷெல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக முன்பள்ளியில் 1960களின் இறுதியில் செய்த சோதனை அது. அதற்கு முன் அவர் டிரினிடாட்டில் செய்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1958இல் வெளியான ஆய்வு. கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட இந்தியரின் வழிவந்த பிள்ளைகளும் ஆப்பிரிக்க வழிப் பிள்ளைகளும், ஏழு முதல் ஒன்பது வயது. இப்போதே சிறிய மிட்டாயா, ஒரு வாரம் கழித்துப் பெரிய மிட்டாயா? இந்திய வழிப் பிள்ளைகள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். ஆனால் தந்தை வீட்டில் இருக்கிறாரா என்பதோடு பதில் தொடர்புபட்டிருந்தது. சொன்ன ஆள் திரும்பி வந்து தருவாரா என்ற நம்பிக்கை பற்றி மிஷெல் அப்போதே யோசித்தார். அந்த யோசனை பின்னால் மறைந்து, காத்திருத்தல் பிள்ளையின் குணமாகிவிட்டது.

2013இல் செலஸ்ட் கிட் குழுவினர் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதலில் ஒருவர் நல்ல வண்ணப் பென்சில் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சிலருக்குக் கொண்டுவந்தார், சிலருக்கு இல்லை என்று கைவிரித்தார். பிறகு மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்தார்கள், ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். 2018இல் வாட்ஸ் குழுவினர் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் காத்திருந்த நேரத்துக்கு எதிர்காலக் கல்வியோடு இருந்த தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது.

2022இல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். “நாளைக்குப் பால்மா வாங்கித் தருகிறேன்” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வரிசையிலிருந்து திரும்பிய அப்பாக்கள் எத்தனை பேர். அந்த ஆண்டில் மூன்று, நான்கு வயதாக இருந்த பிள்ளை டொபியைக் கண்டதும் வாயில் போட்டால் அது புத்திசாலித்தனம்.

பெப்ரவரி 19, காலை

“அப்படியானால் பொறுமையே பழக்க வேண்டாமா?” என்று பம்பலப்பிட்டி மாமி கேட்கிறார். பழக்குங்கள் மாமி. முதலில் நீங்கள் சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்யுங்கள்.

பெப்ரவரி 24, இரவு

நடுப்பிள்ளைப் பருவத்துக்கு வராமலே இழை ஓடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு. எரிக்சன் இதை உழைப்பூக்கத்துக்கும் தாழ்வுணர்வுக்கும் இடையிலான இழுபறி என்றார். நம் ஊரில் அந்த இழுபறிக்குத் திகதியும் சுட்டெண்ணும் உண்டு: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை.

நாலு வயதுப் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு “நான்தான் வேகம்” என்று சிரிக்கும். ஏழு, எட்டு வயதளவில்தான் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தன்னை எடைபோடுவது உறுதிப்படுகிறது. அது புதிதாக, கூர்மையாக இருக்கும் பத்து வயதில், மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மேலா கீழா என்று ஊரறியச் சொல்கிறோம். பட்டியலுக்குள் வந்தவர்களின் படம் மதிலில், வராதவர்கள் அந்த மதிலைக் கடந்து ரியூசனுக்குப் போகிறார்கள்.

முல்லரும் டுவெக்கும் 1998இல் செய்த ஆய்விலும் அதே ஐந்தாம் வகுப்பு. சில பிள்ளைகளை “நீ கெட்டிக்காரி” என்றும் சிலரை “நன்றாக உழைத்தாய்” என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்கள், எல்லாருக்கும் சறுக்கல். பிறகு தம் புள்ளியை வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரி என்று கேட்டவர்களில் பத்தில் நால்வரளவில் புள்ளியைக் கூட்டி எழுதினார்கள். இந்தத் துறையின் பெரிய வாக்குறுதிகள் பின்னால் சுருங்கிவிட்டன, மனப்பாங்கைத் திருத்தினால் எல்லாம் திருந்தும் என்பதை நான் நம்புவதில்லை. ஆனால் அந்தப் பொய்ப் புள்ளியை நான் நம்புகிறேன், என் ரியூசன் மேசையில் பார்த்திருக்கிறேன்.

பெப்ரவரி 24, இரவு, சற்றுப் பிந்தி

இன்னொன்று. முதலாம் தரத்துக்கு நேர்முகம் வைக்கும் ஒரு பள்ளியில் என் உறவுப் பிள்ளையிடம் “இது என்ன நிறம்?” என்று கேட்டார்களாம். பச்சை என்றாள். “வடிவாகப் பார், என்ன நிறம்?” நீலம் என்றாள். “பிள்ளைக்கு நிறம் தெரியாது” என்று எழுதிவிட்டார்கள். ரோஸும் பிளாங்கும் எழுதி ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது.

மார்ச் 2, மாலை

மாணவி செய்முறை ஆய்வுக்குத் தலைப்புக் கேட்கிறார். ஒன்று தருகிறேன், யாரும் செய்ததாக வைத்துக்கொள்ளாமல் செய்யுங்கள். ஆங்கில மொழி முன்பள்ளிக்குப் போகும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளை எடுத்து, பெற்றோரின் எழுத்து அனுமதியோடு, குவளைக் கேள்வியை ஒரு பாதிப் பேரிடம் தமிழிலும் மறுபாதிப் பேரிடம் ஆங்கிலத்திலும் கேளுங்கள். ஊற்றிய பிறகு ஒரே முறை. பதிலோடு நிறுத்தாமல் “ஏன்?” என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாமல். ரீச்சர் கேட்டால் ஒரு பதில், பிள்ளையின் அக்கா கேட்டால் வேறு பதிலா என்பதையும் முடிந்தால் பாருங்கள். அக்காவுக்கு முன்கூட்டியே விடை சொல்லிவிடாதீர்கள், காதில் ஓதிவிடுவாள்.

குவளை பிளாஸ்டிக்கில் வாங்குங்கள், புறக்கோட்டையில் மலிவு. நிறமில்லாததாகப் பாருங்கள். தோடம்பழச் சாறு வேண்டாம், பாதியில் குடித்துவிடுகிறார்கள்.